டிசம்பர் பூ, மாசி மாதம்

மாசி பிறந்து நாலாவது நாள்தான் கவனித்தேன்.
குளியலறைச் சுவருக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்கும் நடுவில்
முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு குச்சியில்
ஊதா.

எட்டு மணிக்கே வெயில் முதுகைத் தொடுகிற மாசம்.
நகரி மலைகள்
சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.
டிசம்பர் பூ என்று பேர் வைத்துக்கொண்டு
இப்போது வந்து நிற்கிறாயே
என்று கேட்கத் தோன்றியது.
வாயில் பற்பசை. கேட்கவில்லை.

கார்த்திகையில் மேலே அணையைத் திறந்தார்கள்.
அணை ஆந்திராவில். தண்ணீர் பள்ளிப்பட்டுக்கு.
ராத்திரி ஒன்றரைக்கு ஓர் ஆட்டோ
தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம்
எச்சரித்துக்கொண்டே போனது.
தெலுங்கு முடிவதற்குள்
ஆறு பின்கட்டுக்கு வந்துவிட்டது.

வடிந்தபோது
கனகாம்பரம் இல்லை. ரோஜாத் தொட்டி இரண்டும் இல்லை.
செம்பருத்தி இருந்தது,
யாருடைய சேலையையோ சுற்றிக்கொண்டு.
டிசம்பர் பூ நின்ற இடத்தில்
வழவழவென்று ஒரு முழம் சேறு.
சேற்றின் மேல் எந்தத் தறியிலிருந்தோ வந்த
ஒரு தார்க்குச்சி,
சுற்றிய பச்சை நூல் ஒரு இழை பிரியாமல்.

கணக்கெடுக்க வந்தவர்
அடுப்பு எழுதினார், ஃபேன் எழுதினார்,
அரிசி எத்தனை கிலோ என்றார்.
பூச்செடி என்றேன்.
"அதுக்குக் கட்டம் இல்லைம்மா."
பாவம், படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

டிசம்பர் முழுக்கத் தபால் ஆபீஸ் மாடியில்
நனைந்த பாஸ்புக்குகளைக் காயவைத்தோம்.
ஒட்டிய பக்கங்களை ஸ்கேலால் பிரித்து
நடுவில் செய்தித்தாள் சொருகி,
மை கரைந்துபோன பேர்களை
ஆளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.
பொங்கலுக்குக் கடையில் ஒரு முழம் வாங்கினேன்.
அது வேறு யாருடைய தோட்டத்து ஊதாவோ.

அவ்வளவு நாளும் அந்தச் சேற்றுக்குக் கீழே
என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.
ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதில்லை.
துணி அலசிய சோப்புத் தண்ணீர் போயிருக்கும்.

பக்கத்து வீட்டு நாகரத்னம்மா
சுவரில் முழங்கை ஊன்றி
"டிசம்பராலு!" என்றாள்.
தெலுங்கில் அது பன்மையில்தான் வரும்,
ஒன்றே ஒன்று பூத்தாலும்.
பிறகு தமிழுக்கு வந்து,
"லேட்டானாலும் பூத்துச்சு பாரு,
எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரும்" என்றாள்.
சொல்லும்போது செடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
எனக்கு நாற்பத்து மூன்று.
மோட்டார் போடணும் என்று உள்ளே போய்விட்டேன்.
தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.
வழிந்து, செடிக்குத்தான் போயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் எண்ணினேன். பதினொன்று.
மூன்றில் வெள்ளை வரி ஓடியிருந்தது,
போன வருஷம் இருந்ததா, ஞாபகமில்லை.
வாசமில்லாத பூ என்று தெரிந்தும்
மோந்து பார்த்தேன்.
ஆற்று வாடை. அதுவும் என் விரலில் இருந்து.

நார் இல்லை. வாழையும் ஆற்றோடு போனதுதான்.
ஜன்னல் விளிம்பில் தார்க்குச்சி கிடந்தது,
யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல்
மூன்று மாசமாய் வைத்திருந்தது.
பல்லால் கடித்து ஒரு முழம் நூல் எடுத்தேன்.
பதினொரு பூவுக்கு அது அதிகம்.
நான்கு விரல் அகலம்தான் சரம் வந்தது,
மிச்சம் வால்போலத் தொங்கியது.
நறுக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமையும் இல்லை, விசேஷமும் இல்லை.
வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன்.
ஆர்.டி. கட்ட வந்த முனிகிருஷ்ணன்
சுவரில் காலண்டரை ஒரு தரம் பார்த்தார்,
என் தலையை ஒரு தரம்.

தேதி முத்திரையைத் திருப்பிச் சரிபார்த்தேன்.
பிப்ரவரி பத்தொன்பது.
மைப்பெட்டியில் ஒற்றி
அவர் புத்தகத்தில்
நன்றாக விழும்படி குத்தினேன்.